குளிர்கிடங்கில் பொருளும் ஆளும்

விளைவித்தல் உழவின் ஒரு பாதி. விளைந்ததைக் காத்தல் மறு பாதி. குதிரிலும் பத்தாயத்திலும் நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடியானவர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. ஆயின், நெல்லைக் காக்கும் முறையால் உருளைக்கிழங்கையும் வாழைப்பழத்தையும் திராட்சையையும் காத்தல் இயலாது. இவை அறுவடைக்குப் பின்னும் உயிரோடிருந்து மூச்சு விடுவன. உஷ்ணம் மிகுமாயின் அவற்றின் மூச்சும் மிகுந்து, சத்துக் குறைந்து, சுருங்கியும் அழுகியும் போகின்றன. குளிர் அம்மூச்சைத் தணிக்கின்றது. குளிர்கிடங்கின் தத்துவம் இவ்வளவே.

பொருளுக்குப் பொருள் வேண்டிய குளிர் வேறுபடும். விதை உருளைக்கிழங்குக்கு 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். வாழைக்காயோ 13 டிகிரிக்குக் கீழே சென்றால் தோல் கறுத்து விலைபோகாது. உறையவைத்த மீனும் இறைச்சியும் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருத்தல் அவசியம். மிளகாய் வற்றலும் புளியும் நிறம் மாறாமலும் வண்டு பிடியாமலும் இருக்கும்பொருட்டு இக்காலத்தில் குளிர்கிடங்குகளுக்கே அனுப்பப்படுகின்றன. இராமநாதபுரம், விருதுநகர்ப் பகுதிகளின் மிளகாய்க்கும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளின் புளிக்கும், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்கும், தேனி, திருச்சிப் பகுதிகளின் வாழைக்கும் இக்கிடங்குகள் எவ்வளவு உபயோகமானவை என்பதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. விலை மலிந்த காலத்தில் விற்றுவிடாமல் பொறுத்திருக்கும் பலத்தை அவை குடியானவருக்கு அளிக்கின்றன.

இத்தகைய கிடங்கிற்குத் தம் மூட்டைகளை அனுப்பும் ஒரு மிராசுதார் விசாரிப்பவை எவை? மூட்டைக்கு வாடகை எவ்வளவு, எத்தனை மாதம் வைக்கலாம், ரசீதின் பேரில் கடன் கிடைக்குமா, எடை குறையுமா என்பனவே. இக்கேள்விகள் யாவும் நியாயமானவை. ஆனால் அக்கிடங்கினுள் மூட்டை சுமக்கும் ஆட்கள் பத்திரமாக வெளிவரும் வழி உண்டா என்று அவர் கேட்பதில்லை. அது கிடங்குக்காரர் பொறுப்பு எனக் கருதி விட்டுவிடுகிறார். இக்கருத்துத் தவறானது என்பதையும், ஆளைக் காக்கத் தெரியாத கிடங்கு பொருளையும் காக்காது என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாளில் குளிருக்கு இத்தகைய அபாயம் இருந்ததில்லை. சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸில் வைக்கப்பெற்றது அமெரிக்க நாட்டு ஏரிகளில் வெட்டிக் கப்பலேற்றி வந்த இயற்கைப் பனிக்கட்டியே. அது உருகிப்போகுமேயன்றி வேறு தீங்கு செய்யாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனி தேசத்துக் கார்ல் வான் லிண்டே என்பார் அமோனியாவை அழுத்திக் குளிர் உண்டாக்கும் யந்திரத்தைச் சீர்ப்படுத்தினார். 1892-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதற் குளிர்கிடங்கு ஏற்பட்டது. அதுமுதல் குளிர் என்பது காற்றுப்புகாத சுவர், கனத்த கதவு, அழுத்தமேறிய குழாய், நச்சுவாயு ஆகியவற்றோடு கூடிய ஒன்றாயிற்று. பனிக்கட்டியின் குளிருக்கு வேண்டாத ஜாக்கிரதை யந்திரக் குளிருக்கு வேண்டியிருப்பது இதனாலேயே.

முதலிற் கவனிக்கத்தக்கது கதவு. குளிரறையின் கதவு தடித்தது, ஓசையும் ஊடுருவாதது. உள்ளே ஆள் இருப்பதை அறியாமல் ஒருவர் வெளியே தாழிட்டுவிட்டால், அவன் கூவினாலும் கேளாது. ஆதலால் ஒவ்வோர் அறைக்கதவும் உள்ளிருந்து தள்ளித் திறக்கக்கூடியதாயிருத்தல் வேண்டும். வெளியே பூட்டியிருப்பினும் உள்ளிருந்து திறக்கும் அமைப்பு இருத்தல் வேண்டும். கதவருகே இருளிலும் தெரியும்படி ஒரு விளக்கும், வெளியே ஒலிக்கும் மணியும் அமைத்தல் அவசியம். உள்ளே செல்வோர் பெயரை வாயிலில் எழுதி, வெளிவந்தபின் அடித்துவிடுதல் காசு செலவில்லாத காரியம். மாலையில் பூட்டுமுன் எண்ணிக்கை சரியாயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நோட்டுப் புஸ்தகமும் ஒரு பென்சிலும் போதும். சீன தேசத்து ஜிலின் மாகாணத்தில் 2013 ஜூன் மாதம் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் தீப்பிடித்து, அமோனியாவும் வெடித்தபோது, வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தமையால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். திறக்காத கதவு எத்தனை உயிரைக் கொள்ளும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

கதவின் ஒழுங்கு பொருளுக்கும் உரியதே. சுமை ஏற்றும்போது கதவைத் திறந்தபடி விட்டுவிட்டால் வெளியின் ஈரக்காற்று உள்ளே புகும். அது குளிர்ச்சுருள்களில் உறைபனியாய்ப் படிந்து யந்திரத்தின் வேலையை மிகுவிக்கும். கூரையிலிருந்து நீர் சொட்டி மிளகாய் மூட்டைகளில் பூஞ்சணம் பிடிக்கும். தரையில் ஈரமும் பனியும் படர்ந்து, மூட்டையோடு வருபவன் வழுக்கி விழுவான். மூட்டை கெட்டதும் ஆள் விழுந்ததும் ஒரே குற்றத்தின் பயன்கள். கதவைத் தக்கபடி மூடித் திறக்கும் கிடங்கில் இரண்டுமே நேரா.

அடுத்தது அமோனியா. ஆட்டுப்பட்டியிலும் மாட்டுத்தொழுவிலும் மூத்திரம் ஊறிய இடத்தில் எழுந்து கண்ணைக் கரிக்கும் நெடியைக் குடியானவர் யாவரும் அறிவர், அந்நெடி அமோனியாவினுடையதே. தொழுவத்தில் அது சிறிதளவு. யந்திரத்திலோ குழாய்களில் நிறைந்து அழுத்தத்தோடு ஓடுகின்றது. திரவ அமோனியா சாதாரண அழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். மேலே பட்டால் தோல் ஒருங்கே உறைந்தும் வெந்தும் போகும். ஈரமுள்ள இடத்தை நாடும் இயல்பினதாகையால், கண், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றையே முதலிற் பற்றும். வேலைநாள் முழுவதும் இருக்கும் காற்றில் 10 லட்சத்தில் 25 பங்குக்கு மேற்படலாகாது என்றும், 300 பங்கு உயிருக்கு உடனடி அபாயம் என்றும் அமெரிக்க நாட்டுத் தொழிற்சுகாதார நிலையத்தார் வரையறுத்திருக்கின்றனர்.

இவ்வாயு தன் வருகையை நெடியால் முன்னறிவித்துவிடுவது ஒரு நன்மை. அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமையே விபத்துகளுக்குக் காரணம். கனடா தேசத்துப் பெர்னி என்னும் ஊரில் 2017 அக்டோபரில் ஒரு பனிச்சறுக்கு அரங்கின் குளிர்யந்திரத்தில் கசிவு இருப்பது தெரிந்தும் அதனை ஓட்டியதால் மூவர் இறந்தனர். பழகிய மூக்கு சிறு நெடியை நாளடைவில் உணர்வதில்லை. ஆகவே, இங்கே எப்போதும் இப்படித்தான் நாறும் என்று சொல்லப்படும் கிடங்கில் பொருளை வைக்காதிருத்தலே நலம். அமோனியா பட்ட பழத்தின் தோல் கறுத்துப்போகும் என்பதையும் மறத்தலாகாது.

கசிவு நேர்ந்தால் செய்யவேண்டியதை வேலையாட்கள் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். சரக்கை எடுக்க எவனும் திரும்பி ஓடலாகாது. காற்று வரும் திசையைப் பார்த்து, வாயு பரவும் வழிக்குக் குறுக்காக விலகி, பின் காற்றுக்கு எதிர்ப்புறமாகச் செல்லவேண்டும். அமோனியா காற்றினும் இலேசானதே; எனினும் குழாயிலிருந்து பீறிட்டு வரும்போது வெண்புகைபோல் குளிர்ந்து தரையோடு படரும். ஆதலின் தாழ்ந்த பள்ளங்களில் ஒதுங்குதல் கூடாது. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்வது தப்பி ஓடுவதற்கு மாத்திரம் சிறிது உதவும். அதை நம்பி உள்ளே நுழைதல் தற்கொலைக்கு ஒப்பானது. கண்ணிலோ தோலிலோ பட்டால், உடையைக் களைந்து, தாராளமான தண்ணீரால் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவியபின் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். யந்திர அறையின் வாயிலுக்கு அருகே எந்நேரமும் தண்ணீர் வரும் குழாய் இருக்கிறதா என்று பார்ப்பது எவருக்கும் எளிது. கசிவை அடைக்கும் வேலை, தக்க சுவாசக் கருவி அணிந்து பயிற்சி பெற்றவர்க்கே உரியது.

நெடியற்ற அபாயமும் ஒன்றுண்டு. பாழ்கிணற்றில் தூர்வார இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. இறங்கினவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கினவனும் விழுந்து இருவரும் மாண்ட கதையும் பல ஊர்களில் உண்டு. மூச்சுவிடும் விளைபொருள்கள் நிறைந்த மூடிய அறையும் அக்கிணற்றைப் போன்றதே. பழமும் கிழங்கும் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. வெளிக்காற்றில் கரியமிலவாயு நூற்றில் 0.04 பங்கே உள்ளது. வேலை செய்யும் இடத்தில் அது 0.5 பங்கைக் கடக்கலாகாது. 4 பங்கை எட்டினால் உயிருக்கு அபாயம். இமாசலப் பிரதேசத்தில் உள்ளதுபோன்ற காற்றுக் கட்டுப்பாட்டு ஆப்பிள் கிடங்குகளில், பழம் நெடுங்காலம் நிற்கவேண்டிப் பிராணவாயுவையே நூற்றில் 21 பங்கிலிருந்து 2 அல்லது 3 பங்காகக் குறைத்துவிடுகின்றனர். அத்தகைய அறையில் தலையை நீட்டினவன் ஒரு எச்சரிக்கையுமின்றிச் சாய்ந்துவிடுவான்.

தமிழ்நாட்டு வாழைப்பகுதிகளில் பெருகியுள்ள பழுக்கவைக்கும் அறைகளுக்கும் இது பொருந்தும். அங்கே எதிலீன் என்னும் வாயு மிகச்சிறு அளவில் செலுத்தப்படுகின்றது. அந்த அளவு தீங்கற்றது; பழுக்கும் காய்கள் விடும் கரியமிலவாயு தீங்குடையது. ஆதலால் ஆட்கள் நுழையுமுன் கதவைத் திறந்துவைத்து, விசிறியை ஓட்டி, காற்றை மாற்றுதல் அவசியம். இவ்விடத்தில் கிணற்று வழக்கத்தைப் பின்பற்றி விளக்கேற்றிப் பார்த்தல் பெருந்தவறு. எதிலீன் அளவு மீறி நூற்றில் 3 பங்களவை எட்டியிருப்பின் தீப்பொறி பட்டதும் வெடித்துவிடும். அன்றியும், கரியமிலவாயு ஆளை மயக்கும் அளவை எட்டிய பின்னும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கக்கூடும். வாயுக்களை அளக்கும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றையே நம்புதல் வேண்டும். கருவி இல்லாத அறையில் தனியாக எவரும் நுழையாதிருப்பதும், உள்ளே விழுந்தவனைத் தூக்கத் தக்க கருவியின்றி மற்றொருவர் ஓடாதிருப்பதும் தலையாய விதிகள். இரண்டாவது மரணம் பெரும்பாலும் அன்பினால் நேர்வது. ஆதலின் அதைத் தடுப்பதற்கு முன்னதாகவே சொல்லிவைத்தல் வேண்டும்.

இனி, குளிர்தானே செய்யும் தீங்கு. சித்திரை வைகாசி வெயிலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கி வேர்த்த ஆள், நனைந்த சட்டையோடும் வெறுங்காலோடும் 3 டிகிரி அறைக்குள் புகுகின்றான். ஈரத்துணி உடம்பின் உஷ்ணத்தை விரைந்து பறிக்கும். விசிறிக் காற்று அதனினும் விரைந்து பறிக்கும். விரல்கள் மரத்தபின் பிடி தளர்ந்து மூட்டை நழுவும். உடலின் உள் உஷ்ணம் 37 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குக் கீழே இறங்குமாயின் அது நோயாகவே கருதத்தக்கது. முதலில் நடுக்கம் தோன்றும், பின்னர்ப் பேச்சுக் குழறும், நடை தடுமாறும். நடுக்கம் நின்றுவிடுதல் குணமன்று, அபாயத்தின் முதிர்ச்சி. அத்தகையவனை வெளியே கொணர்ந்து, ஈர உடையை மாற்றி, கம்பளி போர்த்தி, நினைவிருந்தால் வெதுவெதுப்பான பானம் கொடுத்து, வைத்தியரிடம் சேர்க்கவேண்டும். உறைந்த விரல்களைத் தேய்த்தலும் நெருப்பில் காட்டுதலும் கேடு விளைவிக்கும். சாராயம் உடம்பைச் சூடாக்கும் என்பது மூடநம்பிக்கை. அது உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றவே செய்யும்.

உலர்ந்த மாற்றுச்சட்டை, கம்பளிக் குல்லாய், கையுறை, வழுக்காத பாதரட்சை ஆகிய நான்கும் குளிரறையில் நுழையும் ஒவ்வொருவனுக்கும் வேண்டும். இடையிடையே வெளியே வந்து உடம்பு சூடேற இளைப்பாறும் நேரமும் வேண்டும். அந்நேரத்தைக் கூலியில் பிடித்துக்கொள்ளுதல் நியாயமன்று.

கடைசியாக, அடுக்கும் முறை. சர்வதேசத் தொழிலமைப்பு 1967-ல் செய்த சிபாரிசின்படி, வளர்ந்த ஆண் ஒருவன் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது. இவ்வளவு என்று கணக்கின்றிக் கோணியைத் திணித்துக் கட்டும் வழக்கத்தைக் குடியானவரே தம் களத்தில் நிறுத்திக்கொள்ளலாம்; அதற்குக் கிடங்குக்காரர் தயவு வேண்டியதில்லை. மூட்டை அட்டிகள் சுவரைத் தொடாமலும், குளிர்ச்சுருள்களை மறைக்காமலும், ஆள் நடக்க வழிவிட்டும், கட்டடம் தாங்கும் அளவுக்குள்ளும் இருத்தல் வேண்டும். உத்தரப்பிரதேசத்துச் சம்பல் ஜில்லாவில் 2023 மார்ச் மாதம் ஓர் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கின் கூரை இடிந்து வீழ்ந்து 14 பேர் மாண்டனர். குற்றம் யாருடையது என்பது நியாயஸ்தலத்தின் காரியம். குடியானவர் கவனிக்கவேண்டியது அது நேர்ந்த மாதத்தையே. மாசி பங்குனி அங்கே கிழங்கு அறுவடையாகிக் கிடங்குகள் நிரம்பும் காலம். எல்லாரும் ஒரே சமயத்தில் தம் மூட்டைக்கு இடம் கேட்டு நெருக்கும் காலமே அதிக பாரமும் அதிக அவசரமும் சேரும் காலம். இடமில்லை என்று சொல்லும் கிடங்குக்காரர்மீது கோபங்கொள்ளாமல், எப்படியாவது ஒரு மூலையில் போட்டுவிடுகிறேன் என்பவரைக் கண்டு அஞ்சுதலே விவேகம்.

இவற்றிற்கெல்லாம் செலவாகுமே, அச்செலவு வாடகையில் ஏறிக் குடியானவர் தலையிலேதானே விழும் என்று சிலர் கூறக்கூடும். இதில் ஓரளவு உண்மை உண்டு. வாயு அளக்கும் கருவிக்கும் சுவாசக் கருவிக்கும் பணம் வேண்டும். ஆனால் ஆட்களை எண்ணுதலும், கதவைச் சரியாக மூடுதலும், தனியாக எவரையும் உள்ளே விடாதிருத்தலும், நடைவழியை விட்டு அடுக்குதலும் பணம் வேண்டாதவை. அவற்றைக்கூடச் செய்யாத கிடங்கு, தன் வெப்பமானியைத் தினந்தோறும் பார்த்துக் கணக்கெழுதும் என்று எதனால் நம்புவது? குறைந்த வாடகைக்கு ஆசைப்பட்டு விதைக்கிழங்கை அங்கே வைத்தவர், நடவுக்காலத்தில் முளை செத்த கிழங்கை வாங்கிக்கொண்டு திரும்பநேரும்.

கிடங்குக்காரர் பொறுப்பு என்னும் வாதமும் இக்காலத்தில் வலுவிழந்துவிட்டது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் வாயிலாகக் குடியானவரே கிடங்குக்கு உடைமையாளராகி வருகின்றனர். அந்நிலையில் கதவுக்கும் குழாய்க்கும் அவரே பொறுப்பாளர். சட்டத்தின் பார்வையிலும் குளிர்கிடங்கு வெறும் களஞ்சியமன்று. தொழிற்சாலைச் சட்டத்திற்கு 1976-ல் செய்யப்பட்ட திருத்தம், பொருள்களைக் குளிர்கிடங்கில் வைத்துக் காத்தலையும் தொழிற்சாலை வேலைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இவையன்றி, அங்கே மூட்டை சுமப்பவன் எங்கிருந்தோ வந்தவன் அல்லன். நடவிலும் அறுப்பிலும் அதே நிலத்தில் உழைத்து, வேலையற்ற மாதங்களில் கிடங்குக்குச் செல்லும் பக்கத்துத் தெருக்காரனாகவே பல இடங்களில் அவன் இருக்கின்றான்.

ஆகவே, நிலமுடையோர் தம் மூட்டைகளை அனுப்புமுன் ஒரு நாள் கிடங்குக்கு நேரிற் சென்று சில கேள்விகளைக் கேட்டல் தகும். கதவு உள்ளிருந்து திறக்குமா? உள்ளே சென்றவர்களை எண்ணுகிறார்களா? அமோனியா நெடி இருக்கிறதா. கசிந்தால் எங்கே ஓடுவது என்று ஒரு கூலியாளைக் கேட்டால் அவன் சொல்லுகிறானா? காற்று மாற்றும் விசிறி ஓடுகிறதா? அட்டிகளுக்கு இடையே ஆள் நடக்க வழியுண்டா? ஒருவர் கேட்டால் கிடங்குக்காரர் சிரித்துவிடக்கூடும். ஊரார் பத்துப்பேர் சேர்ந்து கேட்டால் கதவுக்குக் கைப்பிடி தானே வரும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் தம் எல்லைக்குள் உள்ள கிடங்குகளில் அமோனியா யந்திரம் உடையவை எவை என்று குறித்துவைத்தல் வேண்டும். அவற்றை அடுத்த வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இருப்போருக்குக் காற்றின் திசை பார்த்து விலகும் முறையைச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். தீயணைப்பு நிலையத்தின் 101, ஆம்புலன்ஸின் 108 என்னும் எண்களைக் கிடங்கின் வாயிலில் பெரிய எழுத்தில் எழுதச் செய்யலாம். நிலையத்தாரை வருஷத்திற்கு ஒருமுறை, சரக்கு நிரம்பும் பருவத்துக்கு முன்னதாக, வரவழைத்து வழியையும் யந்திர அறையையும் காட்டிவைப்பது மிகுந்த பயன் தரும். விபத்து நேர்ந்த இரவில் அவர்கள் வழி கேட்டுக்கொண்டு நிற்கும் நிமிஷங்கள் அதனால் மிச்சமாகும்.

மழையையும் வெயிலையும் பொறுத்து விளைவித்த பொருளை நல்ல விலை வரும்வரை காத்தல் குடியானவரின் உரிமை. அதன்பொருட்டுக் குளிரில் நின்று சுமப்பவன் மாலையில் வீடு திரும்பவேண்டும். வரும் பருவத்தில் வாடகையைப் பேசுமுன் கதவைப் பார்த்துவிட்டுப் பேசுவார்களாக.